ஸ்டெல்லா டீச்சரின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

"இது எந்த ஊருச் சாப்பாடு டீச்சர்?" என்று ஸ்டெல்லா டீச்சரிடம் ஒருமுறை கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய மகள் போன் செய்தபோது, ஏனோ அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. "அம்மா போயிட்டாங்க சார். வழியிலேயே" என்றாள். கரையாம்புத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட வண்டி பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் டீச்சர் சரித்திரம் நடத்தினார், நான் கணக்கு. வீசிங் தொந்தரவு உள்ளவர். ஓய்வுபெற்றதும், வில்லியனூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஒரு வீடு வேண்டும் என்றார். மூச்சு திணறினால் நடந்தே போய்விடலாம் என்பது அவர் எண்ணம். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மளிகை வியாபாரி ஒருவரின் பின்கட்டு வீட்டை நான்தான் பேசி முடித்தேன். மாட்டுக்கறி கூடாது என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர்கர் செய்யலாம் வாங்க என்று டீச்சர் கூப்பிட்டார். நெட்டப்பாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் அதுவரை மாட்டுக்கறியைத் தொட்டதில்லை. கொத்துக்கறியைக் கையில் கொடுத்ததும், மஞ்சளும் இஞ்சி பூண்டும் போட்டு, வடைக்குப் பருப்பைப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தேன்.

"விடுங்க சார். அது இன்னா பண்ணுச்சு உங்கள? இப்படிப் பெசஞ்சா ரப்பராயிடும்."

தானே ஒரு பிடி எடுத்து மெதுவாகத் தட்டினார். கல்லில் போடும்போதுதான் உப்பும் மிளகும் தூவினார். உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்ததா என்று ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். பேக்கரி பன்னை அறுத்து, வெங்காயத்தோடு உள்ளே வைத்துத் தந்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஜெர்மனில ஹாம்பர்க்குனு ஒரு துறைமுகம் சார். கொத்துன மாட்டுக்கறிக்குப் பேர்போன ஊரு. பொழைக்கக் கப்பலேறுனவங்க அத அமெரிக்காவுக்குக் கொண்டுபோனாங்க. அங்கதான் ரொட்டிக்குள்ள வெச்சாங்கன்றாங்க. மொதல்ல வெச்சது நாங்கதான்னு நாலஞ்சு ஊரு சண்ட போடுது. நம்ம பக்கம் பாருங்க, 'எங்க வூட்டுல இல்ல'ன்னு சொல்லத்தான் போட்டி."

அடுத்த ஞாயிறும் பர்கர் செய்தோம்; வீட்டுக்காரரின் எதிர் ஜன்னல் சாத்தப்பட்டது. அதற்கடுத்த ஞாயிறு, அடுப்பைப் பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. திங்கட்கிழமை தானாக வந்தது. மறு ஞாயிறும் நின்றது. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால் நான்காவது எங்கே விழும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். டீச்சர் சனிக்கிழமையே குடங்களில் தண்ணீர் பிடித்துவைக்க ஆரம்பித்தார்.

நான்காவது புள்ளியாக, அடுத்த ஞாயிறு வீட்டுக்காரரே வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"இன்னா சார், இன்னா சமையல் இங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மட்டன்" என்றேன்.

டீச்சர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "மாட்டுக்கறிங்க. நான்தான் செஞ்சேன்."

"சாரும் சாப்ட்டாரா?"

"அத அவருதான் சொல்லணும்."

அடுப்பில் கொழுப்பு பொரிந்துகொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்லியனூரில் கேட்ட இடத்திலெல்லாம் விஷயம் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில், ஆஸ்பத்திரியை விட்டு வெகுதூரம் தள்ளி, கரையாம்புத்தூரில்தான் வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று, "மட்டன்னே விட்டிருக்கலாமே டீச்சர்?" என்றேன்.

"வூடு இருந்திருக்கும் சார். ஆனா வாராவாரம் நீங்க வந்து பொய் சொல்லணுமே. உங்களுக்கு அது வரல."

போன மாதம் போனில் பேசியபோது, ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆம்புலன்ஸ் வர எவ்ளோ நேரம் ஆவும்னு விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

அடக்கத்துக்கு வில்லியனூர் வீட்டுக்காரரும் மாலையோடு வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, "நல்ல மனுஷி சார்" என்றார்.

"நானும் சாப்ட்டேன்" என்றேன். "மாட்டுக்கறிதான். எல்லா ஞாயித்துக்கிழமயும்."

அவர் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு குழியை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

போய் வாருங்கள் டீச்சர். தாமதமாகத்தான் சொன்னேன், மன்னியுங்கள்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள்: இன்று என்ன சமையல் என்று யாராவது கேட்டால், சட்டியில் இருப்பதன் பெயரையே சொல்லுங்கள்.