கழுதை ஓடையில் தட்டிய குச்சி

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அந்தக் குச்சியின் நுனியை நான் துடைத்த துணி இன்னும் என் கொட்டகையில், ஒரு கண்ணாடி ஜாடிக்குள், மூடி இறுக்கி வைத்தபடி இருக்கிறது. திறந்து மோந்து பார்க்கிறேன் என்று இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேருமே வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள்.

பேய் என்றால் நடுராத்திரியில் வர வேண்டும் என்பார்கள். இதில் ராத்திரியே கிடையாது. அளவு மீறிய சரக்கை இருட்டில் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். நடந்ததெல்லாம் காலை ஏழு மணி வெயிலில், மேகமில்லாத வானத்தின் கீழே.

பார்க்கப்போனால் சின்னச் சிக்கல்தான். மேலே ஒன்றுமே இல்லாத இடத்தில், என் குச்சி எதையோ தட்டியது.

குச்சி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். காற்றாலைக் கோபுரத்தின் அடித்துண்டு ஒரு பெரிய இரும்புக் குழாய். தொண்ணூறு அடி நீளம். டிரெய்லரில் படுக்க வைத்தால், சாலையிலிருந்து அதன் முதுகு சரியாகப் பதினாறு அடி. அந்த லாரிக்குக் கால் மைல் முன்னால் ஒரு பிக்கப் வண்டி போகும். அதுதான் பைலட் வண்டி. அதன் முன் பம்பரில் ஒரு ஃபைபர்கிளாஸ் குச்சி செங்குத்தாக நிற்கும், பதினாறு அடி நாலு அங்குலத்துக்கு. பாலமோ கம்பியோ கிளையோ, எது தாழ்வாக இருந்தாலும் முதலில் குச்சியைத் தட்டும். கம்பி என்றால் "டிங்". கிளை என்றால் "சர்ர்". கான்கிரீட் என்றால் "டக்". சத்தம் கேட்டதும் பைலட் வண்டிக்காரர் வயர்லெஸ்ஸில் சொல்வார். பின்னால் லாரி நிற்கும்.

குச்சி எதையும் நிறுத்தாது. சொல்வதற்குத்தான் ஒரு ஆள். அந்த ஆளாகலாமா வேண்டாமா என்றுதான் அந்த வாரம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ட்வைலா. ஒக்லஹோமாவின் மேற்குக் கோடியில் ஒரு பன்றி ஆலையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். கொன்ற பன்றியை வெந்நீரில் முக்கி எடுத்து, மிச்ச மயிரை நெருப்பில் பொசுக்குவார்கள். நான் பொசுக்கும் பிரிவு. எந்தச் சோப்புப் போட்டாலும் அந்த வாடை தலையை விட்டுப் போகாது. தேவாலயத்தில் என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். நாலு மாதம் என்னோடு பழகிய ஒருத்தன், பனி கொட்டும்போதும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினான். பிறகு வரவேயில்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே என்னைக் கண்டால் குமட்டும்.

அதனால்தான், ஹார்லன் என்ற கிழவர் தொழிலை விட்டுவிட்டு வண்டி, குச்சி, வயர்லெஸ் எல்லாவற்றையும் சேர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் நாலு நாள் லீவு போட்டேன். பைலட் வண்டிக்கான சான்றிதழ்ப் பயிற்சி ஏற்கெனவே முடித்திருந்தேன். நாலு நாள் ஓட்டிப் பார், வெள்ளி மதியத்துக்குள் முடிவு சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறான் என்றார். ஆலையை ஒருமுறை விட்டால் விட்டதுதான். திரும்பிப் போனால் குடல் உருவும் வேலையில் புதுசாக ஆரம்பிக்க வேண்டும்.

வண்டியின் சீட்டுக்கு அடியில் மூன்று பிளாஸ்டிக் பாட்டில்கள் கிடந்தன. புகையிலை மென்று துப்பிய எச்சில், முக்கால் பாட்டிலுக்கு, பழுப்பாக. ஒன்றின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் உள்ளே சளக் சளக்கென்றது.

ஹார்லன் தந்த புத்திமதி இரண்டே இரண்டு.

"சும்மா சும்மா நிறுத்தச் சொல்லாதம்மா. டிரைவர் சலிச்சுக்கிட்டான்னா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டான். சொந்தத் தொழில்ல உனக்குப் பரிஞ்சு பேச ஒருத்தனும் கிடையாது. அப்புறம்... கழுதை ஓடை வந்தா குச்சிய ஒரு அடி எறக்கிக்கோ. அங்க காத்து ஜாஸ்தி."

இரண்டாவதை நான் காதில் வாங்கவில்லை. குச்சியைச் சரக்கைவிடத் தாழ்த்துவது குருடன் கைக்கோலைப் பிடுங்குகிற மாதிரி. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை. காலை 7:14. கழுதை ஓடையின் சின்னப் பாலம்.

"டப்."

டிங் இல்லை. சர்ர் இல்லை. டக் இல்லை. மெத்தென்று, ஆனால் கனமாக. குச்சி பின்னால் வளைந்து நிமிர்ந்தது.

வயர்லெஸ்ஸில் சொன்னேன். லாரி நின்றது. ஓட்டுநர் கிளீவ் இறங்கி நடந்து வந்தான். இருவரும் அண்ணாந்து பார்த்தோம். நீல வானம். இரண்டு மைலுக்கு மரமில்லை. மின்கம்பமில்லை. முள்வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் மட்டும் எங்களைப் பார்த்தன.

"எதைத் தட்டுச்சு, அம்மணி? கடவுளோட காலையா?" என்றான் கிளீவ். "பன்னி ஆலையில மேல கூரை இருக்கும். இங்க வானம். பழகிக்கோங்க."

எனக்குக் காரணம் தெரியாமல் தூக்கம் வராது. சாயங்காலம் வண்டிகள் நிறுத்தும் யார்டில் குச்சியைக் கழற்றினேன். திருகாணி இறுக்கமாகத்தான் இருந்தது. காற்று அன்று இல்லவே இல்லை. பறவையோ? இறகு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை.

நுனியில் பழுப்பாக ஏதோ வழவழத்தது. அதில் நாலைந்து மயிர்.

ஒரு துணியால் துடைத்து மோந்து பார்த்தேன்.

வண்டி மசகு இல்லை. அந்த வாடையை நான் பதினொரு வருஷம் தலையில் சுமந்தவள். பொசுங்கிய தோல். உருகிய கொழுப்பு. பன்றி மயிர் தடியாக இருக்கும், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மெல்லியது. நுனி பிளக்கவில்லை.

புதன்கிழமை. கிளீவின் கேலி காதில் இருந்தது. நேற்று நிறுத்தியதில் இருபது நிமிஷம் போனது என்று காலையிலும் முனகினான். இன்னொரு முறை நிறுத்தினால் இவன் என்னைக் கூப்பிடுவானா? பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டினேன். ஹார்லன் சொன்னபடி குச்சியை ஒரு அடி இறக்கினேன். வெட்கமாக இருந்தது.

7:09. பாலத்தைக் கடந்தேன். குச்சி தட்டவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பின்னால் லாரி பாலத்தில் ஏறுவது கண்ணாடியில் தெரிந்தது.

"டம்ம்..."

வெறும் இரும்புக் குழாய். கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. கால் மைல் தள்ளி எனக்கே கேட்டது.

பிறகு...

"ஸ்ர்ர்ர்ர்ர்ர்..."

ஏதோ அதன் முதுகில் இழுபட்டது. முன்னாலிருந்து பின்னால்வரை. மெதுவாக.

தொண்ணூறு அடி.

நின்றது.

"என்ன அது?" வயர்லெஸ்ஸில் கிளீவ். குரலில் கேலி இல்லை.

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன். அவனும் வண்டியை நிறுத்தவில்லை.

காற்றாலைத் தளத்தில் சங்கிலி மாட்டக் குழாய்மேல் ஏறிய கிரேன்காரர் ஏறிய வேகத்தில் இறங்கினார். சட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். நான் ஏறிப் பார்த்தேன். இரண்டு கோடுகள். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. வெயிலில் சுட்ட இரும்பின்மேல் கொழுப்பு இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது. சில இடங்களில் தோல் சுருண்டு ஒட்டியிருந்தது, பால் ஆடை மாதிரி.

இரண்டு குதிகால்.

செவ்வாயன்று அது பதினாறு அடிக்கு மேலே இருந்தது. குழாய் அடியில் போய்விட்டது. புதனன்று பதினாறுக்குக் கீழே. கொக்கியில் தொங்குவது நாளாக நாளாக நீளும். ஆலையில் தினமும் பார்ப்பதுதான்.

வியாழக்கிழமை பலத்த காற்று. சரக்கு எதுவும் ஓடவில்லை. ஹார்லனைப் பார்க்கப் போனேன். சோபாவில் உட்கார்ந்து டின்னிலிருந்து குட்டிச் சாஸேஜ்களை விரலால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றும் கொழகொழவென்ற பாகோடு வந்தது.

"எவ்வளவு எறக்கின?" நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்.

"ஒரு அடி."

"இனிமே ரெண்டு அடி எறக்கணும்." விரலை நக்கினார்.

"அது யாரு?"

டின் காலியாகும்வரை தின்றார். பிறகு, என்னமோ மழை பெய்த கதை மாதிரி சொன்னார். முப்பத்து மூன்று வருஷம் முன்பு அந்த வழியாக ஒரு மரவீட்டை முழுசாக டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வீடு நகர்த்தும்போது கூரைமேல் ஒரு ஆள் உட்கார்ந்து, கம்பிகளைக் கவைக்கோலால் தூக்கிவிட்டுக்கொண்டே வருவான். அன்றைக்கு அந்த ஆள் ஆரின் ஸ்பெக். இருபத்து மூன்று வயது. முன்னால் பைலட் வண்டியில் ஹார்லன். காலையிலிருந்து ஐந்து முறை நிறுத்தச் சொல்லியிருந்தார். ஐந்தாவது முறை ஓட்டுநர் எல்லோர் காதிலும் விழும்படி வயர்லெஸ்ஸில் சிரித்தான். "பாட்டிக்குப் பயம் வந்துடுச்சு டோய்." ஆறாவது கம்பி கழுதை ஓடையில்.

குச்சி தட்டியது. ஹார்லன் வயர்லெஸ் பொத்தானை அமுக்கவில்லை.

ஆரின் புகைபோக்கியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் தோள்வாரில் கம்பி சிக்கியது. வீடு அவனுக்கு அடியில் நகர்ந்து போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்த நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே தொங்கிப் பொசுங்கினான்.

"விசாரணையில என்ன சொன்னீங்க?"

"குச்சி தட்டலைன்னு சொன்னேன்."

அந்தக் குளிர்காலமே மின்கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்களாம். ஹார்லன் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை, அந்த மாதம் காற்றாலை வேலை வரும்வரை. எட்டு நடை போனார். முதல் நடையில் நுனி மட்டும் உரசியது. குச்சியைக் கால் அங்குலம் இறக்கினார். அடுத்த நடையில் அதுவும் அதே அளவு இறங்கியிருந்தது.

"எறக்கிட்டே போனா ஒண்ணும் இல்லம்மா," என்று விரலைச் சோபாவில் துடைத்தார்.

பதினொரு வருஷத்தில் ஆலையில் ஒருநாளும் நான் வாந்தி எடுத்ததில்லை. அன்று அவர் வீட்டுப் படியில் எடுத்தேன்.

அன்று இரவு ஆலையின் சிவப்புக் கயிறு நினைவுக்கு வந்தது. வரிசை நெடுக ஒரு கயிறு ஓடும். யார் இழுத்தாலும் எல்லாம் நிற்கும். இழுத்தவருக்கு வசவு நிச்சயம். நான் நாலு முறை இழுத்திருக்கிறேன். ஒருமுறை ஒருவரின் கை உள்ளே இருந்தது. குச்சி தட்டுவது பாதி வேலை. சொல்வது என்ற மீதிப் பாதி ஓடையில் முப்பத்து மூன்று வருஷமாகச் செய்யப்படாமல் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை. குச்சியைப் பதினாறு அடி நாலு அங்குலத்துக்கே உயர்த்தினேன்.

7:11. பாலத்துக்கு இருநூறு அடி முன்னால் பொத்தானை அமுக்கினேன்.

"தாழ்வா கம்பி. நிறுத்து."

லாரி நின்றது. கிளீவ் சிரிக்கவில்லை.

மாடு ஒன்று இருமியது.

எங்கள் தொழிலில் 'கேட்டேன்' என்பதற்குப் பேச வேண்டியதில்லை. பொத்தானை இரண்டு தரம் அமுக்கினால் போதும்.

"க்ளிக்... க்ளிக்."

"கிளீவ், அமுக்கினியா?"

"இல்ல... ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருக்கு."

பத்து எண்ணினேன். வண்டியை எடுத்தேன்.

பாலம் வந்தது.

போனது.

குச்சி தட்டவில்லை. லாரியும் சத்தமில்லாமல் கடந்தது. தளத்தில் இறங்கி நுனியை வேறொரு துணியால் துடைத்தேன். சுத்தம்.

மதியம் வண்டியை வாங்கிக்கொண்டேன். பாட்டில்களை மட்டும் ஹார்லன் கையிலேயே கொடுத்தேன். ஆலைக்குப் போகவில்லை.

பத்து நாள் கழித்து, மாவட்ட நூலகத்தில் பழைய செய்தித்தாளைத் தேடி எடுத்தேன். ஆரினின் செய்தி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பத்தியை நான் மூன்று முறை படித்தேன். இறக்கியபோது அவன் இடது கையில் ஒரு வயர்லெஸ் இருந்ததாம். எச்சரிக்கை வந்தால் பதில் கொடுக்க, கூரைமேல் இருப்பவனுக்கும் ஒன்று தருவது வழக்கம். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை. அதோடேயே புதைத்தார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. நாற்பத்தொரு நடை. கழுதை ஓடைக்கு இருநூறு அடி முன்னால் "தாழ்வா கம்பி, நிறுத்து" என்று சொல்ல வேண்டும். லாரி முழுசாக நிற்க வேண்டும். இரண்டு க்ளிக் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு போகலாம். குச்சி தட்டாது.