ரெகுலரா வர்ற பொண்ணு

பதினாலு வயசு முடிஞ்ச அன்னிக்கிக் காலையில எம் பொண்ணு ஸ்கூல் பைய பரண்மேல தூக்கிப் போட்டுட்டுப் பல்லு வெளக்கப் போயிட்டா. "ஏண்டி, ஸ்கூலு?"ன்னு எம் பொண்டாட்டி கேட்டா. ஆறுலேருந்து பதினாலு வரைக்குந்தான் கட்டாயக் கல்வி, சமூக அறிவியல் புஸ்தகத்துல போட்டிருக்குது, எனக்கு இன்னியோட ஆயிடிச்சின்னு பதில் வந்திச்சி. அந்தக் கேள்விக்குப் பரீட்சையில முழு மார்க்கு வாங்குனவ. படிச்சத வாழ்க்கையில கடைப்பிடிக்கணும்னு சொல்லிக்குடுத்த பாவி நாந்தான்.

நான் செராமிக் கம்பெனியில சூளை வேலை. கரண்டு பொட்டியில மாட்டுற பீஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் வேவுற எடத்துல நிக்கிறவன். டீக்கடையில படிப்பப் பத்திப் பேச்சு வந்தா நான் பெரிய ஆளு. புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாத அப்பனப் புடிச்சி உள்ள போடணும்னு பேசறவன். விருப்பம் இருக்கிறது படிக்கட்டும், இல்லாதத ஏன் கட்டி இழுக்கணும்னு ஒருத்தன் சொன்னான். ஒன்ன மாதிரி ஆளுங்களாலதான் ஊரு உருப்படலன்னு அவங்கிட்ட மல்லுக்கு நின்னுட்டு, அவன் வாங்கிக்குடுத்த டீயையே குடிச்சிட்டு வந்தன். இப்ப என் வூட்டுலியே ஒண்ணு கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.

மொதல்ல மெரட்டிப் பாத்தன். "படிக்கலன்னா கம்பெனிக்கி வா, பீஸ் கட்டை அடுக்கலாம்"ன்னன். "பதினெட்டு ஆவணும்பா. உங்க கம்பெனி கேட்டுலியே போர்டு தொங்குது"ன்னா. சட்டம் தெரிஞ்ச புள்ளையப் பெத்து வெச்சா இதான் கெதி. அப்பறம் பிரியாணி வாங்கியாந்தன். பிரியாணிய சாப்ட்டா, ஸ்கூலுக்குப் போவல. யாராவது அடிச்சாங்களா, எவனாவது பின்னாடி வர்றானான்னு எம் பொண்டாட்டி தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டா. ஒண்ணும் இல்லியாம். "நான் போனாலும் ஒண்ணுதான், போவலன்னாலும் ஒண்ணுதான்." அவ்வளவுதான் சொன்னா. தெமிருன்னு நெனச்சன்.

எட்டாவது வரைக்கும் தெருக்கோடியிலியே ஸ்கூலு. அங்க இருந்த டீச்சருக்கு எங்க வூட்டு ஆடு குட்டி போட்டது வரைக்கும் தெரியும். ஒம்பதாவதுக்குத்தான் டவுனுக்கு மாத்துனோம். பெண்ணாடத்துலேருந்து வர்ற பஸ்ஸுல போவணும், கரும்பு டிராக்டருக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சின்னா நகராது. அதுக்காகவா ஒருத்தி படிப்ப வுடுவா?

ஒரு வாரத்துக்கு மேல ஆயிடிச்சி. ரெஜிஸ்டர்ல பேர அடிச்சிட்டா திரும்ப சேத்துக்க மாட்டாங்கன்னு கம்பெனியில ஒருத்தன் கெளப்பிவுட்டான். படிப்பு போச்சின்னா, நாலு வருஷம் பொறுத்து அதுவும் இதே சூளைக்கித்தான் வரும். அத மட்டும் என்னால பாக்க முடியாது. லீவு போட்டுட்டு, கல்யாணங்காட்சிக்கிப் போடற சட்டைய மாட்டிக்கிட்டு வண்டியில ஸ்கூலுக்குக் கெளம்புனன். வழியெல்லாம் பொய் தயார் பண்ணன். டைபாய்டுன்னு சொல்றதா, மஞ்சக் காமாலையா? மஞ்சக் காமாலைன்னா எத்தினி நாளு வேணும்னாலும் இழுக்கலாம்.

கிளாஸ் டீச்சரு எலக்‌ஷன் வேலை பேப்பருங்கள மேசை நெறைய பரப்பி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பொண்ணு பேர சொன்னன். கொஞ்சம் யோசிச்சாங்க.

"ஆங், அந்தப் பொண்ணா? ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. ரெகுலரா வர்றா. கொஞ்சம் வாயத் தொறந்து பேசச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

மஞ்சக் காமாலை தொண்டையிலியே நின்னுபோச்சி.

"இன்னிக்கி வந்திருக்குதுங்களா?"

"வந்திருக்கா. காலையிலியே செல்லுல அட்டெண்டென்ஸ் போட்டுட்டன். என் கிளாஸு ஃபுல்லு."

திட்டணும்போலத்தான் வந்திச்சி. ஆனா அந்தம்மா கண்ணுக்குக் கீழ கருவளையம் இருந்திச்சி. பின்னாடி ரூமுல அடைச்சி வெச்ச மாதிரி புள்ளைங்க. எல்லாரும் வந்திருக்கீங்களான்னு கேட்டா வந்திருக்கோம் டீச்சர்னு ஒரே சத்தமா வரும். அதுல எம் பொண்ணு சத்தம் இல்லன்னு யாருக்குத் தெரியும்? "சந்தோஷம் டீச்சர்"னு கும்புடு போட்டுட்டு வெளிய வந்துட்டன்.

வண்டிய எடுக்க முடியல. புள்ள ஸ்கூலுக்கு வரணும்னு சட்டம் போடலாம். வரலன்னா ஒருத்தருக்காவது தெரியணும்னு எவன் சட்டம் போடுவான்? போனாலும் ஒண்ணுதான்னு அவ சொன்னது நெசந்தான். எனக்கு அழுவ வந்திடிச்சி. சூளையில நிக்கிறவன் கண்ணு செவந்திருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அது ஒரு சௌரியம்.

வூட்டுக்குப் போனன். படுத்திருந்தவ எழுந்து உக்காந்தா. "என்னாப்பா சொன்னாங்க?" அலட்சியமாத்தான் கேட்டா. ஆனா செல்ல கீழ வெச்சிட்டுக் கேட்டா.

"என்னா சொல்லுவாங்க? எங்கய்யா உம் பொண்ணு, ஆளயே காணோம்னு புடிபுடின்னு புடிச்சிட்டாங்க. என் மானத்த வாங்கிட்டாங்க."

"எம் பேரச் சொன்னாங்களா?"

"பேரச் சொல்லித்தாண்டி திட்டுனாங்க."

சாயந்திரம் பாத்தா யூனிபார்ம் கொடியில காயிது.

மறுநா அவ பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே ஸ்கூல் கேட்டுல போயி நின்னன். டீச்சரு ஸ்கூட்டியில வந்து எறங்குனாங்க.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். எம் பொண்ணு ஒரு வாரத்துக்கு மேல வரலீங்க. இன்னிக்கி வருது. ஏன் வரலன்னு நாலு வார்த்த திட்டுங்க. பேரச் சொல்லித் திட்டுங்க."

அந்தம்மாவுக்கு மொகம் சுண்டிப்போச்சி. அட்டெண்டென்ஸ் விஷயம் மேல போயிடுமோன்னு பயம்போல. "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டன். திட்டுனாப் போதும்"ன்னன். அப்பறம் மெதுவா, "எந்தப் பொண்ணுன்னு காட்டுறீங்களா?"ன்னு கேட்டாங்க. செல்லுல இருந்த போட்டோவக் காட்டுனன். கிட்ட வாங்கி, பெரிசு பண்ணி, ரொம்ப நேரம் பாத்தாங்க.

சாயந்திரம் செருப்பக் கழட்டும்போதே ஆரம்பிச்சிட்டா. "அந்த டீச்சரு சரியான லூசும்மா. எல்லாரு முன்னாடியும் எழுப்பிவுட்டு, எங்கடி போன இத்தினி நாளான்னு கத்துது. பீரியடு பூரா நிக்க வெச்சிடிச்சி."

"நல்லா வேணும்"ன்னன்.

விஷயம் தெரியாத எம் பொண்டாட்டி, வயசுப் புள்ளைய நிக்க வெக்கிறதான்னு அந்த டீச்சர வாய்க்கி வந்தபடி திட்டுனா. பொண்ணு தட்டுல ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டா. "நாளைக்கி லேட்டாப் போனன்னா அது என்னக் கொன்னுடும்மா"ன்னு சொல்லி, எழுந்து நின்னு, இடுப்புல கைய வெச்சிக்கிட்டு, டீச்சரு தன் பேர எப்பிடிக் கூப்ட்டாங்கன்னு மறுபடியும் மொதல்லேருந்து கத்திக் காமிச்சா.