குளியலறை ஜன்னலில் ஒரு நீள லென்ஸ்

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். ஆயுளில் பாதியை லிஃப்ட் குழிகளுக்குள்ளும் மோட்டார் அறைகளிலும் கழித்தவர். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. வலது காது சுத்தமாகப் போயாயிற்று. இடது காதில், கிட்டே வந்து கத்தினால் கொஞ்சம் ஏறும். மனைவி இருந்தவரை அவள்தான் அவருக்குக் காது. அவள் போன பிறகு வாசல் மணி அடிப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் மெல்ல மெல்ல வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

வெளியூரில் பல் மருத்துவராக இருக்கும் மகள், “மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காதீங்கப்பா” என்று ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். நீளமான லென்ஸை அவராகத் தேடிப் பிடித்தார். கைக்குழந்தை கனம். அதற்குப் பழைய பழுப்பு நிறத் துண்டைச் சுற்றி, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, பயறு நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துவார். அவருடைய தோட்டத்தைப் பார்த்தபடி இருந்த ஒரே ஜன்னல் குளியலறையில்தான் இருந்தது.

தோட்டத்துக்கு வந்த பறவைகள் எல்லாமே சந்தேகப் பிராணிகள். திரைச்சீலை அசைந்தால் ஓட்டம், தும்மினால் ஓட்டம். கேமராவின் ‘க்ளிக்’குக்கும் ஓட்டம்தான்; அந்தச் சத்தம் அவருக்கே கேட்காததால் ஏன் பறக்கின்றன என்று வெகுநாள் புரியவில்லை. எல்லாவற்றிலும் பெரிய கள்ளன் ஒரு மரங்கொத்தி. பக்கத்து வீட்டு வேலியோரம் பாதி பட்டுப்போய் நின்ற மரத்துக்கு வரும். அது கொத்துகிற ஓசை அவருக்கில்லை. தலை ஆடுவதையும் பட்டைத்தூள் உதிர்வதையும் பார்த்துத்தான் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வார். லென்ஸ் ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், நழுவித் தண்டின் மறுபக்கம் போய்விடும். வால் நுனி மட்டும் மிஞ்சும்.

“வாய்யா, வா. இன்னிக்கு உன்னை விடறதில்ல” என்று அதனிடம் பேசுவார். வேறு யாரிடமும் பேசாத நாட்கள் அவருக்கு நிறைய உண்டு.

கடைசியில் ஒருநாள் அது முழுசாக இந்தப் பக்கம் வந்தது. கொண்டை, கண், மரத்தில் ஊன்றிய வால், எல்லாம் வெயிலில். ஒரே ஒரு படம். அதற்குள் பறந்துவிட்டது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாள். துணிக்கடையில் கணக்குப் பார்ப்பவள். அதுவரை அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டவள்.

“ஏங்க, என் பொண்ணை எதுக்குப் போட்டோ எடுக்கறீங்க?”

அவருக்குக் கேட்கவில்லை. கேட்காதபோது சிரித்துவைப்பது அவர் வழக்கம். சிரித்தார்.

அவள் முகம் மாறிவிட்டது. “சிரிக்கறீங்களா? பாத்ரூம் ஜன்னல்லேர்ந்து கண்ணாடி மின்னுது, தாத்தா என்னைப் போட்டோ எடுக்கறாருன்னு குழந்தை வந்து சொல்லுது!”

இந்தமுறை கத்தினாள். தெருவுக்கே கேட்டது, அவருக்கும் கேட்டது.

“குருவிம்மா... அந்த மரத்துல ஒரு குருவி...” என்றார். வாய் குழறியது. அவள் நம்பாமல் போனாள். மாலைக்குள் மகளுக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்து வந்தாள்.

வந்தவள் சாப்பிடக்கூட இல்லை. அவர் இடது பக்கமாக உட்கார்ந்து, “கேமராவைக் குடுங்கப்பா. நான் ஒரு தடவை பாத்துடறேன்” என்றாள்.

கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வெறுங்கிளை, மங்கலான இறகு, வால் நுனி, மறுபடி வெறுங்கிளை. அவர் படங்களைப் பார்க்கவில்லை. மகளின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓரிடத்தில் நின்றது. மரங்கொத்தி முழுசாக நின்ற படம். அதன் பின்னால், மூலையில், சிவப்பாக ஒரு தீற்றல். மகள் பெரிதாக்கிப் பார்த்தாள். குழந்தையின் கவுன்.

“இது என்னப்பா?”

“பின்னாடி ஓடியிருக்கும் போல. நான் கவனிக்கல.”

“இது வேணாம்ப்பா. வீண் பேச்சு வரும்.” அவர் வாய் திறப்பதற்குள் அழித்துவிட்டாள்.

அதுதான் அந்தப் படம் என்று சொன்னால், அதற்காகத்தான் இத்தனை மாதம் என்று சொன்னால், தன் பேச்சு எப்படிக் கேட்கும் என்று அவருக்கே பயமாக இருந்தது.

மகள் கேமராவோடு பக்கத்து வீட்டுக்குப் போய், சமாதானம் பேசித் திரும்பினாள். “முடிஞ்சுதுப்பா. அவங்களே மன்னிப்புக் கேட்டாங்க. நான் உங்களைச் சந்தேகப்படலை, தெரியும்ல?”

“ஒவ்வொண்ணாப் பாத்தியேம்மா” என்றார் அவர்.

அவள் எழுந்து போய் அழுதாள் போலிருக்கிறது. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்ட வீட்டில் அடுத்த வாரம் மரம் வெட்ட ஆள் வந்தது. வேன் ஓட்டுகிற அந்த வீட்டுக்காரன் வேலியோரம் வந்து, சத்தமாக, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “தப்பா எடுத்துக்காதீங்க. எப்படியும் பட்டுப்போன மரம். மரம் இருந்தாத்தானே குருவி, குருவி இருந்தாத்தானே இந்தப் பிரச்சினையெல்லாம்.”

“சரிதான் தம்பி” என்றார் லிஃப்ட்காரர். ரம்பம் ஓடிய சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. தரை அதிர்ந்தது காலில் தெரிந்தது. மரம் நின்ற இடத்தில் தகரத் தடுப்பு அடித்தார்கள்.

லென்ஸைத் துண்டோடு பீரோவுக்கு மேலே ஏற்றினார். ஜன்னலைச் சாத்தித்தான் இப்போதெல்லாம் குளிக்கிறார்.

மகள் முன்னைவிட அடிக்கடி வீடியோவில் கூப்பிடுகிறாள். கத்திக் கத்திப் பேசுகிறாள்.

“மரங்கொத்தி வருதாப்பா?”

“வருதும்மா, வருது.”

“போட்டோ அனுப்புங்களேன்.”

“அனுப்பறேன். கொஞ்ச நாளா வெளிச்சம் சரியில்ல” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவைக்கிறார்.