தொட்டுப் பார்த்த வேதிவினை

காசிமேட்டுக் கஸ்தூரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாம் வகுப்பில் வேதிவினைகளை உற்றுநோக்கி வகைப்படுத்தும் பாடம் வந்தபோது, "நீ உட்கார்ந்து கேட்டுக்கோம்மா" என்றார் மலிகா டீச்சர்.

"நானும் செய்றேன் டீச்சர்" என்று அவள் மேசைக்கே வந்துவிட்டாள்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விழுந்ததும் சீறல் கேட்டது. முகவையை வெளிப்பக்கம் தொட்டாள். "சூடு ஏறிகினே கீது. ரெண்டும் சேர்ந்து ஒரே பொருளாவுது. சேர்க்கை வினை."

அடுத்து, கஸ்தூரி தடவிப் பார்த்த இரும்பு ஆணியை மயில்துத்தம் எனும் தாமிர சல்பேட் கரைசலில் போட்டார்கள். நிறம் மாறுகிறதா என்று மற்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். சற்று நேரம் கழித்து டீச்சர் ஆணியை எடுத்து, கழுவி, கஸ்தூரியின் கையில் வைத்தார். அவள் விரல்களுக்கு நடுவே அதை மெல்ல உருட்டினாள்.

"போடறதுக்கு முன்னே வழவழன்னு இருந்துச்சு. இப்போ மேல பொடியா ஒட்டிகினு கீது. அது தாமிரம். அதோட எடத்துக்கு இரும்பு பூடுச்சு. இடப்பெயர்ச்சி வினை டீச்சர்!"

வகுப்பே கைதட்டியது. டீச்சர் அடுத்த சோதனைக்கான குழாயை அவளிடமே நீட்டினார்.

மறுநாள் மீன் சந்தையில் அவள் அம்மா பச்சையம்மா, வருகிறவர்களிடமெல்லாம் விலை சொல்வதற்கு முன்பே, "எம் பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.