சைவ வீட்டு ஆஸ்கர் மீன்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, யார் வீட்டுக் குழாயில் முதலில் தண்ணீர் வருகிறது, யார் வீட்டுப் பையனுக்கு எங்கே வேலை கிடைத்தது என்று எதைக் கேட்டாலும் எனக்கு வயிறு எரியும். ஆனால் போன வருஷம் எரிந்த மாதிரி என்றைக்கும் எரிந்ததில்லை. ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் பேத்தி.

மீனை முதலில் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் சிக்லிட் வகை. அழகுக்கு அழகு, அடாவடிக்கு அடாவடி. ஒவ்வொன்றும் ஒரு கல்லைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனைக் கடித்துத் துரத்தும். வேறு வேறு சிக்லிட்களை யோசிக்காமல் ஒரே தொட்டியில் விட்டால் விடிந்ததும் ஒன்று செதில் பிய்ந்து மிதக்கும். நானும் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஓர் ஆஸ்கர், கிளிமூக்கு மாதிரி வாயுள்ள பேரட் இரண்டு என்று ஒருவிதமாகச் சமாதானம் ஆகியிருந்தது.

ஆஸ்கர் உள்ளங்கையை விடப் பெரிய மீன். கறுப்பு உடம்பில் தணல் துண்டுகளைப் போல ஆரஞ்சுத் திட்டுகள். நான் கூடத்தில் கால் வைத்தால் போதும், கண்ணாடி ஓரத்துக்கு ஓடிவந்து வாலை ஆட்டும். என் மனைவி வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதில் எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. எங்களுடையது சைவ வீடு. அதனால் அதற்கும் கடையில் விற்கிற குருணைத் தீனியும் தோலுரித்த பச்சைப் பட்டாணியும்தான். குருணையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நாங்கள் படித்துப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் போனோம். இப்போது எல்லா வீட்டிலும் இதுதானே ஏற்பாடு? ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள். அவர்கள் திரும்பியதும் ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவர்கள். வீட்டுச் சாவியை எதிர் ஃப்ளாட் பாயிடம் கொடுத்தேன். தி.நகரில் லேஸ், ஜரிகைக் கடை வைத்திருப்பவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. "இன்னா சார் நீங்க, ஃபிளைட் ஏறி நிம்மதியா போங்க. மீனு நம்ம கொழந்த மாதிரி" என்றார். சொன்னபடி தினமும் ஒரு வீடியோ அனுப்பினார்.

அந்த வீடியோதான் அங்கே எனக்கு வாழ்வு கொடுத்தது. பேத்திக்கு அப்போதுதான் பருப்பு சாதம் ஊட்ட ஆரம்பித்திருந்தோம். யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள் எதேச்சையாக அவளுக்கு வீடியோவைக் காட்டினேன். ஆஸ்கர் கண்ணாடிக்கு ஓடிவந்து மேலே பார்த்து 'ஆ'வென்று வாயைத் திறந்தது. அதைப் பார்த்து அவளும் 'ஆ'வென்று திறந்தாள். நான் கரண்டியை உள்ளே விட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு என்றால் தாத்தா. என் மனைவி கிண்ணத்தோடு வந்தால் அழுவாள்.

நாங்கள் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தி வந்து இறங்கினார். அபிராமபுரத்தில் சொந்த வீடு, அழுத்தமான மயிலாப்பூர்ச் சங்கீதம், அதோடு எனக்கு இல்லாத தலைமுடி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கல்யாணி ராகத்தை இழுத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊட்டுகிற சூட்சுமத்தை நான் அவரிடம் சொல்லவில்லை; பகலெல்லாம் ஆபீசில் இருந்த மகளிடமும் சொன்னதில்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்த பின் இந்தக் குழந்தை என்னை மறந்துவிடுமே என்ற ஒரே பயம் எனக்கு. அவளைச் சாப்பிட வைக்க என்னை விட்டால் ஆளில்லை என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றேன். ஆஸ்கர் வரவில்லை. கல்லெல்லாம் இடம் மாறியிருந்தது. நடுவில் நான் வாங்காத ஒரு மஞ்சள் மீன், செவரம் என்கிற இன்னொரு சிக்லிட், மாப்பிள்ளை போல உலாத்திக்கொண்டிருந்தது. குருணையைப் போட்டேன். ஆஸ்கர் வாங்கி, மென்று, என் மூஞ்சிக்கு நேராகத் துப்பியது. அந்த நேரம் பார்த்து பாய் உள்ளே வந்தார். அவ்வளவுதான், சண்டாளன், வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து 'ஆ'வென்று நின்றது.

"பாய், இது யாரு புதுசா? கல்லையெல்லாம் யார் நகர்த்தினது?"

"நாந்தான் சார். மூணே மீனு, போரடிச்சுகினு கெடந்துச்சு. புதுசு உடுறதுக்கு முன்னாடி கல்லு அல்லாத்தையும் மாத்தி வெச்சிடணும்னு கடைக்காரர் சொன்னாரு. அப்போ எது யாரு எடம்னே தெரியாது, சண்ட வராது. பாருங்க, எவ்ளோ தோஸ்தா கீதுங்க!"

"குருணையைத் துப்புறானே?"

பாய் சிரித்தார். "இறாலு போட்டுப் பழக்கிட்டேன் சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதம் நான் வீடியோவில் பார்த்து மகிழ்ந்த அந்த 'ஆ' எனக்காக இல்லை. படத்துக்கு வெளியே, மேலே, பாயின் கையில் இருந்த இறாலுக்காக. உள்ளேயிருந்து என் மனைவி "சிவ சிவா, நம்மாத்துலயா?" என்றாள். நான் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் அழித்தேன்.

"ஏன்னா, ஒரு மீனுக்காகவா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு இருக்கேள்?" என்று மனைவி கேட்டாள். மீனுக்காக மட்டும் என்றால் பரவாயில்லையே. மகள் வீடியோ காலில் வந்தபோது, ஜன்னலோரம் நான் போட்டிருந்த குழந்தையின் நாற்காலியைக் காணோம். "மாமா ஹாலையே மாத்தி வச்சுட்டார்ப்பா" என்றாள். சம்பந்திக்கும் கல்லை நகர்த்தும்படி எந்தக் கடைக்காரர் சொன்னாரோ! பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு ஒருநாள் காலை, நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியே கூப்பிட்டார். அங்கே அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சட்டையெல்லாம் பருப்பு. பின்னால் குழந்தையின் அழுகை. "சார், நீங்க போனதிலேர்ந்தே அரை வயிறுதான், ரெண்டு நாளா அதுவும் இல்லை. தோடி, கல்யாணி எல்லாம் பாடிப் பார்த்துட்டேன். நீங்க எப்படி ஊட்டினேள்?" மனுஷர் குரல் உடைந்திருந்தது. எனக்கு ஒரு நொடி தேன் குடித்த மாதிரி இருந்தது, மறைப்பானேன். அடுத்த நொடி அவர் குழந்தையின் பக்கம் போனைத் திருப்பினார். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"மீனைக் காட்டுங்கோ," என்றாள் மனைவி. வீடியோதான் இல்லையே. கேமராவைத் திருப்பி, போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். ஆஸ்கர் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தட்டினேன், கெஞ்சினேன், குருணையைக் கொட்டினேன். அசையவில்லை.

"பாயைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சியை வச்சுண்டு?"

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வா. உங்க மீனை ஊட்டினவர் அவர். நான் போறேன்." போய்விட்டாள்.

பாய் லுங்கியோடு வந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் வெட்டின இறால். வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள எடுத்தாரலாமாம்மா?"

என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "வாங்கோ பாய். நான் பார்க்கலை."

அவர் தொட்டி மேலே கையை நீட்டியதும் நாலு மீனும் பறந்து வந்தன. ஆஸ்கர் முன்னால், அதை ஒட்டி அந்த மஞ்சள் பயல், பின்னால் பேரட் இரண்டும். ஆஸ்கர் மேலே பார்த்து 'ஆ'வென்றது. போனில் அழுகை நின்றது. அங்கேயும் ஒரு 'ஆ'. சம்பந்தி கரண்டியை உள்ளே விட்டார்.

"சாப்பிடறா சார்! சாப்பிடறா!" என்று கத்தினார். பாய் அடுத்த துண்டைப் போட்டார். அங்கே அடுத்த வாய். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தாள். மீனைப் பார்த்துச் சிரித்தாள், சம்பந்தி கையால் சாப்பிட்டாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேமராவைத் திருப்பும் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் மீன் போய் என் முகம் வரும். என்னை அவளுக்கு இன்னும் தெரிகிறதா இல்லையா என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோயும் விட்டேன்.

"இன்னும் நாலு வாய்தான் சார்," என்றார் சம்பந்தி. "அப்படியே பிடிச்சுண்டிருங்கோ."

விரலை எடுத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.