ஒரு தெருவுக்கு ஒரு படம்

கல்லூரி முடித்த வருடம் புல்வெளியைப் பற்றி நான் எழுதாத விஷயம் கிடையாது. எந்த மாதம் விதைக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் வெட்ட வேண்டும், பூஞ்சை பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தேன். விருதுநகரில் புல்வெளி ஏது? கரிசலில் தானாக முளைப்பது சீமைக்கருவேலம். கண்ணால் பார்த்துவிட்டாவது எழுதுவோமே என்று ஒருநாள் சூலக்கரைக்குச் சைக்கிள் மிதித்துப் போய், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வளர்த்திருந்த புல்லைக் குனிந்து தடவிப் பார்த்தேன். காவலாளி விசில் ஊதினார்.

"மனு குடுக்கணும்னா உள்ள போ. புல்லப் புடுங்காத."

அன்றைக்கே 'உங்கள் புல்வெளியைத் தொட்டுப் பாருங்கள்' என்று ஒரு பதிவு எழுதி அனுப்பிவிட்டேன்.

இதெல்லாம் மதுரையில் இருந்த ஒரு தரகருக்காக. வெளிநாட்டுக் கடைகள் இணையத்தில் நடத்தும் பிளாக்குகளுக்கு எழுத அவர் ஆர்டர் பிடிப்பார். என்னைப் போன்ற பட்டதாரிகளிடம் பிரித்துக் கொடுப்பார். அவர் கொடுத்ததில் பிரௌசிங் சென்டர் வாடகை போக மிஞ்சியது டீக்கும் வடைக்கும் சரியாக இருந்தது. என் பெயர் எங்கும் வராது.

அப்பா கெடு வைத்தார். "தீவாளிக்குள்ள மாசச் சம்பளம் மாதிரி ஒண்ணக் காட்டு. இல்லைன்னா மாமா ஆபீசுல போய் உக்காரு. லோடு கணக்கு எழுத ஆள் கேக்குறாக."

மாமாவுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. அவர் ஆபீசில் உட்கார்வது வேலை பார்ப்பது மட்டுமல்ல, அவருக்கு வேடிக்கைப் பொருளாக இருப்பதும்தான். அவரிடம் ஒரு எம்.காம். படித்த கிளார்க் இருந்தார். வருகிற வியாபாரிகளிடமெல்லாம் மாமா அவரைக் காட்டி, "இது பெரிய படிப்பு. ஆனா டீ நல்லா வாங்கிட்டு வரும்" என்பார். அவர் சிரித்துக்கொண்டே சொம்பை எடுப்பார். அந்தச் சிரிப்பு என் மூஞ்சியில் வந்துவிடக் கூடாது. அந்த வருடம் எனக்கு வேறு எந்த லட்சியமும் இல்லை.

தரகரைத் தாண்டி நேராகக் கடைக்காரர்களைப் பிடித்தால்தான் காசு. எப்படிப் பிடிப்பது? அதற்கு எனக்குத் தெரிந்தது அப்பாவின் தொழில் ஒன்றுதான். அப்பா சிவகாசிக் காலண்டர்களுக்கு ஏஜெண்ட். ஆடிப்பெருக்கன்று மாதிரிப் படங்களின் புது ஆல்பம் வந்ததும் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார். எந்த ஊரிலும் சின்னக் கடைக்கு முதலில் போகமாட்டார். ஊரிலேயே பெரிய நகைக்கடையில் ஏறி, விலையைக் குறைத்தாவது ஆர்டரை வாங்குவார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே மற்ற கடைகளில் நல்ல விலைக்கு விற்பார். படம் எல்லாருக்கும் ஒரே முருகன்தான். கீழே வெள்ளையாக விட்ட பட்டையில் கடைப் பெயர் மட்டும் மாறும். அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு தெருவில் ஒரு படத்தை ஒரு கடைக்குத்தான் கொடுக்கலாம். ஒரு தடவை அது தவறிப் போனது. கடைக்காரர் கட்டோடு காலண்டரைத் தூக்கி ரோட்டில் எறிந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முருகனாகப் பொறுக்கினார்.

நானும் அப்படியே செய்தேன். அமெரிக்காவில் புல்வெட்டும் இயந்திரம் விற்கிற பெரிய கடையாகப் பார்த்து, அவர்கள் கடைப் பெயரையே உள்ளே போட்டு ஒரு பதிவை எழுதி இலவசமாக அனுப்பினேன். கடைக்காரியம்மாள் இன்னும் வேண்டும், காசு தருகிறேன் என்றாள். அவள் பெயரைக் காட்டி ஆஸ்திரேலியாவில் ஒருவரைப் பிடித்தேன். தரகர் தந்ததைப் போலப் பல மடங்கு. எழுதியது ஒன்றேதான், கடைப் பெயரை மாற்றினேன், அங்கே பருவம் தலைகீழ் என்பதால் குளிர் வரப்போகிறது என்பதைக் குளிர் போய்விட்டது என்று மாற்றினேன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு சமுத்திரமே கிடந்தது. அதைவிடத் தள்ளி இருக்கிற தெரு உண்டா?

தரகருக்கு, 'இனி உங்கள் கூலிக்கு எழுதுவதாக இல்லை' என்று மெயில் போட்டேன். அப்பா கடை கடையாக, "பையன் அமெரிக்காவுக்கு எழுதுறான் அண்ணாச்சி" என்று சொல்லத் தொடங்கினார். மாமாவின் காதுக்கும் எட்டியது. "எழுதட்டும், எழுதட்டும். தீவாளி வரட்டும்" என்றாராம்.

தீபாவளிக்கு முன்பே மெயில் வந்துவிட்டது. அமெரிக்காக்காரி சும்மா இருக்காமல் என் வரி ஒன்றை எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். அடுத்த நொடி ஆஸ்திரேலியாக்காரரின் கடை வந்து நின்றிருக்கிறது. நீ எழுத்தாளனில்லை, திருடன் என்று ஆரம்பித்து நாலு வரி.

எனக்கு அப்போது வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவளுக்கு விஷயம் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். சிவகாசி எங்கே இருக்கிறது, காலண்டர் எப்படி அடிக்கிறார்கள், பட்டை எதற்கு, ஒரு தெருவுக்கு ஒரு படம் என்பது எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்றெல்லாம் விளக்கி, நீளமாக, உற்சாகமாக ஒரு பதில் எழுதினேன். நான் எழுதியதிலேயே யாரையும் பார்த்து எழுதாத, முழுக்க என் சொந்தச் சரக்கு அதுதான்.

அவள் அதை அப்படியே, என் பெயரோடு, எழுதுபவர்கள் வேலை தேடும் ஒரு இணையதளத்தில் போட்டாள். கீழே வரிசையாகச் சிரிப்பு. என் கார் கொட்டகைக்கும் ஒரு காலண்டர் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிரித்தவர்களில் இரண்டு பேர், அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் விலை கேட்டிருந்த கடைக்காரர்கள். ஆஸ்திரேலியாக்காரர் வையக்கூட இல்லை. பதிவுகளை எடுத்துவிட்டார்.

பிரௌசிங் சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "என்னலே, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? அமெரிக்கா கவுந்துருச்சா?"

தரகருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'தம்பி, புல் அறுக்க ஆள் நிறைய இருக்கு.'

தீபாவளிக்கு மேல் அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. முழுதும் கேட்டுவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏலே, ரெண்டு கடையும் ஒரே தெருவா?"

"இல்லப்பா. நடுவுல கடலு."

"பெறகு என்னவாம் அவளுக்கு?"

ஒரு நிமிடம் அவர் என் பக்கம் நிற்பதுபோல் இருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, நாளைக்கு வெள்ளன குளிச்சுட்டு ரெடியா இரு. மாமா வேன் அனுப்புறாக."

எம்.காம்.காரருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. தீபாவளி முடிந்து, கணக்குத் தீர்க்க வியாபாரிகள் வந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆள் கோயம்புத்தூர்க்காரர்.

"வாங்கண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்று வரவேற்ற மாமா என் பக்கம் கையை நீட்டினார். "இது நம்ம மாப்ள. வெள்ளக்காரிகிட்டயே வேலயக் காட்டிட்டு வந்திருக்கு. ஏலே, அவ என்ன வஞ்சா? அண்ணாச்சிக்குச் சொல்லு."

மெயில் எனக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்களுக்கு எங்கன புரியுது? தமிழ்ல சொல்லுலே."

சொன்னேன். திருடன் என்றதற்குப் பெரிதாகச் சிரிப்பு எழவில்லை. கோயம்புத்தூர்க்காரர் மரியாதைக்குப் புன்னகைத்தார். மாமாவின் முகம் தொங்கியது. அந்த முகத்தை அப்படியே விட மனம் வரவில்லை. "உனக்குக் குடுத்த காசுல என் நாய்க்கு எலும்பு வாங்கிப் போட்டிருந்தா, அது வாலயாவது ஆட்டியிருக்கும்னு எழுதியிருந்தா மாமா" என்றேன்.

மாமா மேசையைத் தட்டிச் சிரித்தார். கோயம்புத்தூர்க்காரருக்கு டீ புரையேறியது. எம்.காம்.காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்.

அவள் மெயிலில் நாய் எதுவும் கிடையாது.

"நாய் வரத மட்டும் இன்னொருக்கச் சொல்லு" என்றார் மாமா. சொன்னேன்.

மறுவாரம் சேலத்து வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாமா என்னைக் கூப்பிடுவதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இந்த முறை நாய்க்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன்.