உறையின் மேல் அவள் பெயர்

மறுகூடல் கச்சேரி சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடிய ரசிகர்களுக்குள் இந்த ஒரு வித்தியாசம்தான் சாதி, மதம், கட்சி எல்லாம்.

கோலாலம்பூர்ப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படிக்கும்போது அவர்களுடைய முதல் கேசட் வந்தது. நாங்கள் பேசுகிற மாதிரியே அவர்கள் பாடினார்கள். மூன்று கேசட் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று இரண்டு நாள் கச்சேரி என்று அறிவித்ததும், வயிறு தள்ளிய நாங்கள் எல்லோரும் பழைய பிள்ளைகளாகிவிட்டோம்.

கடையில் எட்டுப் பேர் இருந்தோம். கூட்டத்தைக் கூட்டியவர் ஜெஞ்சாரோமில் லோரி ஓட்டும் ஓர் அண்ணன். இரண்டு நாளும் போனவர் என்பதால் அவர்தான் நீதிபதி. கச்சேரி வரிசையில், நான் தனியாக நின்ற நேரத்தில், எனக்கு முன்னால் நின்றவர். அங்கேயே என் பெயரைக் கேட்டு, எண்ணை வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அதில் குவிந்த காணொளிகளை நான் திறந்து பார்க்கவில்லை. எனக்கு எதிரே சுபாங் ஜெயாவில் பல் மருத்துவம் பார்க்கும் ஒரு பெண். அவர் சனிக்கிழமைக்காரி.

"கீபோர்ட்காரர் அழுதாரு. நான் மூணாவது வரிசையில இருந்து பாத்தேன்," என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கெழம அது வேர்வை," என்றேன்.

"சனிக்கெழம கண்ணீர்தான், அக்கா. ஞாயித்துக்கெழம வேர்வைதான். ரெண்டும் உண்மை லா," என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

இப்படியே போனது. மழைப் பாட்டை சனிக்கிழமை இரண்டு தடவை பாடினார்களாம். எங்களுக்கு ஒரு தடவை, அதுவும் சுருதியை இறக்கி. டிரம்ஸ்காரர் முதல் நாள் போட்டிருந்த தோல் சட்டைக்கு மறுநாள் பொத்தான் போடவில்லை. ஒரே நாளில் ஒரே கச்சேரியைப் பார்த்தவர்களாவது இதில் ஒத்துப்போனார்களா என்றால் அதுவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி வம்படியாகப் பேச எனக்கு வீட்டில் ஆள் கிடையாது. என் கணவருக்கு இந்தப் பாட்டெல்லாம் கூச்சல்.

பேச ஒரே ஆள் இருந்தாள், என் தோழி. அவளிடம் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தேன். "போகாத லா, எல்லாம் பந்தா பண்ற ஆளுங்க," என்று அவள் சொன்னதால் சரி என்றேன். அன்று காலையில் மனது கேட்கவில்லை. கிள்ளானில் ரயில் ஏறி வந்துவிட்டேன். அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளி. அவள் டவுனில் தாமான் குடியிருப்பு வீட்டுப் பிள்ளை. முதல் வகுப்பிலிருந்தே மலாய்ப்பள்ளி. வாய் நிறையத் தமிழ் பேசுவாள். எழுத்தில் அ, ஆவுக்கு மேல் தெரியாது. இடைநிலைப்பள்ளியில் ஒரே வகுப்பில் விழுந்தோம். பள்ளி விட்டதும் அவள் வீட்டில் உட்கார்ந்து கேசட் கேட்டுவிட்டு, ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போவேன். அவளுடைய அப்பா நூலகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்து வரும்போது உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் வாங்கி வருவார். என்னையும் சேர்த்து எண்ணித்தான் வாங்குவார்.

என் அப்பா குடிப்பார். இதை இங்கே எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. கடைசிப் பத்து வருடம் அவர் சொட்டுத் தொடாமல் நல்ல தாத்தாவாக வாழ்ந்து இறந்துபோனார். என் பிள்ளைகளுக்கு அந்த மனிதரை மட்டும்தான் தெரியும். முந்தைய மனிதரைப் பற்றி என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. தெரிந்தவள் தோழி ஒருத்திதான்.

பதினைந்து வயதில் நான் அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். பயிற்சிப் புத்தகத் தாளில் முன்னும் பின்னும். ஆனால் என் பெயரையும் முகவரியையும் உறையில் போட முடியாது. தோட்டத்தில் கடிதம் வீட்டுக்கு வராது, ஆபீசுக்கு வரும். அங்கே கணக்கு எழுதும் கிராணி அதை என் அப்பா கையில் கொடுப்பார். பாட்டுக்காரப் பையன்களிடமிருந்து மகளுக்குக் கடிதம் என்றால் அன்று இரவு வீடு தாங்காது. அதனால் அனுப்புநர் இடத்தில் தோழியின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினேன். தோட்டத்துப் பிள்ளைகள் பல பேர் செய்ததுதான்.

பதில் வந்தது. நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு படம். மேலே 'அன்புத் தங்கை' என்று எழுதி அவள் பெயர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். படத்தை என்னால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவளுடைய அலமாரிக் கதவில் ஒட்டினோம். அது எங்கள் இருவருக்கும் சேர்ந்தது என்றுதான் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுகூடல் அறிவிப்பு வந்ததும் முதலில் அவளுக்குத்தான் போன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்தான் கிடைத்தது, சனிக்கிழமை தனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது என்றாள். அந்தக் கல்யாணத்துக்குக் கருநீலப் புடவை வாங்க இதே பிரிக்பீல்ட்ஸில் அவளோடு நான்கு கடை ஏறி இறங்கினேன். முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்து, இதை எடு என்று சொன்னதும் நான்தான். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அண்ணன் கைப்பேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார்.

"ஞாயித்துக்கெழமைக்காரங்க மிஸ் பண்ணது இதுதான். லெட்டர் அக்கா," என்றார்.

டாக்டர் கையில் இருந்த அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டார். "இத எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அழுகை வரும்," என்றார்.

காணொளியில் பாடகர் ஒரு தாளைப் பிடித்திருந்தார். டிரம்ஸ்காரர் வீட்டுப் பிஸ்கட் டின்னில் ரசிகர் கடிதங்கள் கிடந்தனவாம். அதில் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் மறுபடி சேர்ந்து பாடலாம் என்று முடிவு செய்தார்களாம். உறையில் இருந்த முகவரிக்கு ஆளனுப்பிப் பார்த்தபோது, எழுதியவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். கருநீலப் புடவை மேடை ஏறியது.

நான் முதலில் நினைத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். புடவை அவளுக்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் மற்றது வந்தது.

பாடகர் அவளைப் படிக்கச் சொன்னார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு முடியாது என்று தலையாட்டினாள். கூட்டம் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டது. எனக்கல்லவா தெரியும், அவளுக்குப் படிக்க வராது. அவரே படித்தார். "எங்கள் வீட்டில் ரேடியோ இருந்தது. அப்பா குடித்துவிட்டு வந்து அதைச் சுவரில் அடித்துவிட்டார்." என் அப்பாவை அவர் ஓர் அரங்கம் முழுக்கக் கேட்கப் படித்தார், அவள் அப்பாவாக. நூலகத்துக் குமாஸ்தா, கறிபாப் வாங்கி வந்த மனிதர், அந்த நிமிடத்தில் குடிகாரராகிவிட்டார். அவருடைய மகள் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல தோழி வீட்டுல பாட்டு கேட்டதா எழுதியிருக்கீங்க. அந்தத் தோழி இன்னிக்கு வந்திருக்காங்களா?" என்று பாடகர் கேட்டார்.

"இல்ல. தொடர்பு விட்டுப் போச்சு," என்றாள் அவள்.

மறுநாள் விளக்கு அணைந்த பிறகு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு என் கையைப் பிடித்தவள் சொன்னது இது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் "நேத்து ஒரு கடிதம்..." என்று ஆரம்பித்ததும், அவசரமாகப் போக வேண்டும் என்று என்னைக் கழிப்பறை வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். இப்போது கடையில் ரசம் ஊற்ற வந்தவரிடம் இலையை மூடிக் காட்டினேன்.

"அவங்களையும் வரச் சொல்லியிருக்கேன். சர்ப்ரைஸ்," என்றார் டாக்டர்.

பத்து நிமிடத்தில் வந்தாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மார்போடு ஒரு பிளாஸ்டிக் உறையை அணைத்திருந்தாள். அதற்குள் என் கடிதம். மேடையில் நினைவாக அவளிடமே கொடுத்துவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் கை கழுவப் போகிறேன் என்று எழுந்தேன். அவளும் பின்னால் வந்தாள்.

"வரலன்னுதானே சொன்ன," என்றாள்.

"உனக்குக் கல்யாணம்னுதானே சொன்ன," என்றேன்.

குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள். "வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. என் பேரச் சொல்லி நீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? என்னைய யாரு லா மேடைக்குக் கூப்பிட்டிருக்கா, இத்தன வருஷத்துல? ஒரே ஒரு தடவ. உனக்கும் நல்லதுதானே, உங்கப்பா கதை உன் பேர்ல வெளிய வரல. சொல்லிராத."

கடைசியில் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. என்னிடம் முதல் நாளே வந்து சொல்லியிருந்தால், நீயே போய்ட்டு வா என்றுகூட நான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. நான் ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நான் பேசாததை அவள் சம்மதம் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் தெளிந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்களே ஒரு தடவ படிங்க. உங்க குரல்ல கேக்கணும்," என்றார் அண்ணன்.

"கண்ணாடி கொண்டு வரல," என்றாள்.

"குடு, நான் படிக்கிறேன்," என்றேன்.

அவளுடைய விரல் உறையை விட ஒரு கணம் எடுத்தது. பிறகு கொடுத்தாள். முப்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்தேன். 'ற'வுக்குக் கீழே வால் நீளமாக இழுத்திருந்தேன். ஆசிரியை அதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறார்.

முன்பக்கத்தைப் படித்தேன். ரேடியோ, சுவர், அப்பா. "கேசட் ஒரு பக்கம் ஓடி முடிய இருபத்திரண்டு நிமிடம். அந்த இருபத்திரண்டு நிமிடம் நான் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை." டாக்டர் டிஷ்யூவை எடுத்தார். ஒருவர் அவளுடைய தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டாள்.

பிளாஸ்டிக் உறையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சில வரிகள் இருந்தன. அவற்றை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. முன்பக்கம் முடிவு மாதிரியே நின்றதால் பாடகரோ மற்றவர்களோ தாளைத் திருப்பவே இல்லை போலிருக்கிறது. டாக்டருக்கு அவள் அனுப்பிய படமும் முன்பக்கம்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் இதைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்த்தாலும் அவளுக்கு அது கோடுகள்தான்.

"பின்னாடியும் இருக்கு. படிக்கவா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன்.

நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினாள். என் முழங்கையைச் செல்லமாகப் பிடித்து அழுத்தினாள். "படி லா," என்றாள்.

அதே குரலில் படித்தேன்.

"உறையின் மேல் இருப்பது என் பெயர் இல்லை. எங்கள் தோட்டத்தில் கடிதம் வந்தால் அப்பா கைக்குப் போய்விடும். அதனால் என் தோழியின் பெயரையும் வீட்டையும் போட்டிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் பயப்படாமல் பதில் அனுப்புங்கள். அவளிடம் கொடுத்தால் என்னிடம் கொடுத்த மாதிரிதான். என் பொருள் எதையும் அவள் எடுத்துக்கொண்டதே இல்லை."

கீழே என் பெயர் இருந்தது. அதையும் படித்தேன்.

முதலில் நிமிர்ந்து பார்த்தவர் லோரி அண்ணன். வரிசையில் என் பெயரைக் கேட்டவர் அவர்தானே. என் முழங்கையில் இருந்த கை மெதுவாக விலகியது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அப்போ அந்த அப்பா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கப்பா," என்றேன். "இவங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல, டாக்டர். ரொம்ப நல்லவரு. தெனமும் எனக்கும் சேத்துதான் கறிபாப் வாங்கிட்டு வருவாரு."

கடிதத்தை உறையோடு இரண்டாக மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.